தனுஷ்கோடி அக்காவுக்கு

போன ஞாயிறு, 1964 புயலில் சிதைந்த தேவாலயத்திலிருந்து அரிச்சல்முனை வரை கடலோரமாகவே நடக்கக் கிளம்பினோம். பக்கத்திலேயே தார்ச்சாலை இருக்கிறது; வீம்புதான். பாதி வழியில் தண்ணீர் தீர்ந்தது, அப்பாவின் செருப்பு வாரும் அறுந்தது. மணல் கொதித்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த நீங்கள் எதுவும் கேட்கவில்லை. மணலில் தோண்டியிருந்த ஊற்றிலிருந்து கொட்டாங்கச்சியால் மொண்டு கொடுத்தீர்கள். கடலுக்கு நூறடி தள்ளித்தான், உப்பே இல்லை! அப்புறம் அப்பாவை ஓலை நிழலில் உட்காரவைத்து, வலை நூலால் வாரைக் கோத்து, பல்லால் முடிச்சை இறுக்கினீர்கள். பணம் நீட்டியதும், "வெயில் ஏறுறதுக்குள்ள போய்ட்டு வாங்க தம்பி" என்று திரும்பிக்கொண்டீர்கள்.

பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். ரொம்ப நன்றி அக்கா. ராமேஸ்வரம் பக்கம் யாராவது உங்களிடம் இதைக் காட்டினால் சரி. அந்த நீல முடிச்சு இன்னும் அவிழவில்லை. அப்பா வேறு செருப்பு வாங்கமாட்டேன் என்கிறார்.