கட்டைக்கு அடியில் ஒன்றும் இல்லை, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டேன். பியானோவில் நீ வாசித்த, இசையமைப்பாளர் ஷோபேனின் இ மைனர் ப்ரெலூட் என்ற சின்ன உருப்படி. ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை. அப்படியும் தேர்வு நடத்த வந்தவர் ‘நாதம் கரடுமுரடு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், எப்படிச் சரிசெய்வது என்று ஒரு வரி இல்லை என்கிறாய். உன் கோபம் நியாயம்தான். அவர் சொன்னதும் நியாயம்தான். அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். உன்னைப் போல நிறையப் பேர் இதே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள், அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். சித்தியைக் கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஒரு வேலை செய். கிராண்ட் பியானோவில் ஏதாவது ஒரு கட்டையை, சத்தமே வராதபடி மிக மெதுவாக அமுக்கிப் பார். கட்டை இறங்குவது மொத்தமே 10 மில்லிமீட்டர் போலத்தான். அடியை நெருங்கும்போது விரலில் லேசாக ஒரு தடை தட்டுப்படும். கட்டையை அமுக்கும்போது உள்ளே ஒரு சுத்தியல் எழும்பித் தந்தியைத் தட்டுகிறது. அந்தச் சுத்தியல் உன் பிடியை விட்டுக் கிளம்புகிற இடம் அது. தந்திக்கு முந்தைய ஒன்றிரண்டு மில்லிமீட்டரை அது தானாகவே பறந்து கடக்கிறது. 1700 வாக்கில் ஃபுளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி பியானோவை உருவாக்கியபோதே இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டார். சுத்தியல் விடுபடாவிட்டால் தந்தியோடு ஒட்டி நின்று ஒலியை அமுக்கிவிடும்.

ஆக, அந்தத் தடையைத் தாண்டிய பிறகு நீ என்ன செய்தாலும் அந்த ஸ்வரத்துக்குப் போய்ச் சேராது. வீணையில் மீட்டிய பிறகும் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கலாம். இங்கே அந்தப் பேச்சே இல்லை. நீயோ கட்டையின் அடிக்குப் போய், அங்கே ஏதோ புதைந்து கிடப்பது போல அழுத்திக்கொண்டே இருக்கிறாய். அது நாதத்துக்கு ஒன்றும் செய்யாது, முன்கையைத்தான் இறுக்கும்.

கரடுமுரடு எங்கிருந்து வருகிறது? சுத்தியலின் தலையில் இருப்பது கம்பளி ஃபெல்ட். நிதானமாக வந்து தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகமாக மோதினால் அழுந்தி இறுகும், அப்போது ஒலியில் கூர்மை ஏறும். இதோடு விரல் கட்டையில் விழும் ‘டொக்’, கட்டை அடியில் முட்டும் ‘தட்’ இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. வீடியோவில் உன் இடது கையைக் கவனி. விரல்கள் ஒவ்வொரு கார்டுக்கும் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் தட்டுவது) ஓர் அங்குலம் எழும்பி விழுகின்றன. மணிக்கட்டோ கஞ்சி போட்ட சட்டைக் காலர்.

விரலைக் கட்டையைவிட்டு எடுக்காதே. நுனியை விடு, அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும் சதையால் தொடு. தொட்ட பிறகு கையின் கனத்தை இறக்கு. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது காலை வைத்துப் பார்த்து, அப்புறம்தானே உடம்பைக் கொடுப்போம்? அது மாதிரி. கட்டை அடி தொட்டதும் கனத்தை எடுத்துவிடு, மணிக்கட்டு கொஞ்சம் இளகி இறங்கட்டும். அதே கார்டு திரும்பத் திரும்ப வரும்போது கட்டை முழுசாக மேலே வரக்கூட வேண்டாம். 1821-ல் பியானோத் தயாரிப்பாளர் எரார் காப்புரிமை வாங்கிய இரட்டை விடுவிப்பு அமைப்பின் வழிவந்தது இன்றைய கிராண்ட். பாதி எழும்பிய கட்டையிலிருந்தே மறுபடி வாசிக்கலாம். (ஷோபேனுக்கு என்னவோ ப்ளெயெல் பியானோதான் பிடிக்கும். அதில் இந்த வசதி இல்லை!)

பாரிஸில் பாடம் சொன்னபோது ஷோபேன் கையை வைக்கச் சொன்ன இடம் உனக்கு உதவும். வலது பெருவிரல் இ என்ற ஸ்வரத்தில், சுண்டுவிரல் பி-யில், நடுவில் உள்ள மூன்று நீள விரல்களும் கருப்புக் கட்டைகளில்: எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப். கை தானாகவே வளைந்து உட்காரும். எல்லாம் வெள்ளைக் கட்டைகளாகவே வரும் சி மேஜர் ஸ்கேலை அவர் கடைசிக்குத் தள்ளினார், நாம் முதல் நாளே பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கிறோம். விரல்களை எல்லாம் ஒரே பலத்துக்குக் கொண்டுவர அவர் மெனக்கெடவில்லை, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குணம் என்று விட்டுவிட்டார். எனக்கு இதில் முழு உடன்பாடு.

இனி அந்த ப்ரெலூட். முதல் முழுத் தாளச் சுற்றில் வலது கையின் பி நீண்டு நிற்கும்போது கீழே இடது கை ஆறு கார்டு வாசிக்கிறது. அப்புறம் சி, இரண்டு கார்டு. பி தட்டிய நொடியிலிருந்தே தேய்ந்துகொண்டு வருகிறது. அந்த ஆறும் தேய்கிற பி-க்கு அடியில் இருக்க வேண்டும், ஒன்று மேலே வந்தாலும் பி செத்துப்போகும். பிறகு வரும் சி, பி எந்த அளவுக்குத் தேய்ந்ததோ அந்த அளவில் தொடங்க வேண்டும். நீ புதிதாக ஒரு சி-யை அடிக்கிறாய், பாட்டு அங்கே அறுந்துபோகிறது. இரண்டு நாள் வலது கையை மட்டும் வாசி. பி-யைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடி, அது தேய்வதைக் கடைசிவரை கேள். சி-யை அதில் கொண்டுபோய் ஒட்டு. ஒட்டிய பிறகு இடது கையைச் சேர்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம். வரும்போது நகம் வெட்டிக்கொண்டு வா. வீடியோவில் கேட்கும் ‘டொக்’கில் பாதி அதுதான்.

அன்புடன்,
சித்தி