பிக்கப்பின் றிமோட் ஸ்ராட்டர் எட்டவில்லை என்றால்

ஆசிரியருக்கு,

குளிர் தொடங்கியதும் உங்கள் பத்திரிகையின் வாகனப் பக்கங்களில், தூரத்தில் நின்றே எஞ்சினை ஓடவைக்கும் றிமோட் ஸ்ராட்டர் விளம்பரங்கள் நிறைந்துவிடும். 'ஒரு மைல்', 'மூன்று மைல்' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். கூரை வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஸ்னோ தள்ளுவதற்கும் பிக்கப் வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, ட்றக்கோடு வந்த றிமோட் எட்டவில்லை என்று பல நூறு டொலர் கொடுத்துப் புதிதாகப் பூட்டுவிக்கிறார்கள். பூட்டிய பிறகும் ஏழாம் மாடியில் இருந்து அழுத்தினால் ட்றக் அசையாமல் நிற்கிறது. இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையில்லாதது. வாகன மின்வேலை செய்பவர்கள் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறோம்.

முதலில், பிரச்சினை உண்மையிலேயே தூரம்தானா என்று பாருங்கள். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, கதவைப் பூட்டும் பட்டனை மட்டும் அழுத்துங்கள். பூட்டும் கட்டளையும் ஸ்ராட் கட்டளையும் போவது ஒரே அலைவரிசையில், ஒரே றிசீவருக்குத்தான். பக்க விளக்குகள் மின்னினால் சிக்னல் போய்ச் சேர்கிறது. அதன் பிறகும் எஞ்சின் ஓடவில்லை என்றால் ட்றக் கட்டளையைக் கேட்டுவிட்டு மறுக்கிறது. பொனற் சரியாக மூடாதது, எச்சரிக்கை விளக்குகள் போட்டபடி கிடப்பது, 'செக் எஞ்சின்' விளக்கு எரிவது, பெற்றோல் மிகக் குறைவாக இருப்பது, ஏற்கெனவே இரண்டு முறை றிமோட்டில் ஸ்ராட் பண்ணிவிட்டு இடையில் திறப்புப் போட்டு ஓட்டாதது ஆகியவை வழக்கமான காரணங்கள். இங்கே வீதியில் கொட்டும் உப்பு பொனற் சுவிச்சுக்குள் இறங்கித் துருப்பிடித்தால், பொனற் மூடியிருந்தும் 'திறந்திருக்கிறது' என்றே ட்றக் நினைக்கும். அந்தச் சுவிச்சைத் துப்புரவாக்க ஐந்து நிமிடம் போதும். மூன்று மைல் றிமோட் வாங்கிப் பூட்டினாலும் அந்தச் சுவிச் திருந்தாது.

விளக்கே மின்னவில்லை என்றால் தூரம்தான் பிரச்சினை. அப்போது றிமோட் பட்டன்கள் உள்ள திறப்பின் பற்றறியில் தொடங்குங்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது சிஆர்2032, சிலவற்றில் தடித்த சிஆர்2450. புதுப் பற்றறி மீற்றரில் 3.2 வோல்ற் அளவு காட்டும். பழைய பற்றறியும் 3 வோல்ற் காட்டி ஏமாற்றும், ஏனென்றால் மீற்றர் அதில் இருந்து மின்னோட்டம் எடுப்பதில்லை. 470 ஓம் தடை ஒன்றைப் பற்றறியின் இரு முகங்களுக்கும் குறுக்கே பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று விநாடி அளந்து பாருங்கள். ஏறத்தாழ 6 மில்லி அம்பியர் ஓடும். 2.7க்குக் கீழே இறங்கினால் அந்தப் பற்றறி முடிந்தது. குளிரில் பற்றறியின் உள்தடை கூடும். கதவடியில் தொங்கும் ஜக்கெற் பையில் இரவு முழுக்கக் கிடந்த திறப்பு காலையில் எட்டாமல், உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்த பிறகு எட்டுவது அதனால்தான். அப்படி நடந்தாலே பற்றறியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

மாற்றும்போது விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் எண்ணெய் படக் கூடாது. குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சுப் பூசிய பற்றறிகள் இப்போது வருகின்றன. நல்ல நோக்கம்தான், ஆனால் திறப்புக்குள் இருக்கும் தொடுமுனை அந்தப் பூச்சின் மேல் உட்கார்ந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். தொடுமுனை படும் இடத்தை ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். தொடுமுனை தட்டையாகிக் கிடந்தால் மெல்ல நிமிர்த்திவிடுங்கள். இணையத்தில் வாங்கும் அலுமினியக் கவசத்தைக் கழற்றி எறியுங்கள். திறப்பின் அன்ரெனா என்பது அந்தச் சிறு பலகையின் ஓரமாக ஓடும் ஒரு செப்புக் கோடு, அவ்வளவுதான். அதைச் சுற்றி உலோகம் வந்தால் அதன் சுருதியே மாறிவிடும். சிலிக்கோன் உறை பரவாயில்லை.

அடுத்தது, எங்கே நின்று எப்படி அழுத்துகிறீர்கள் என்பது. திறந்த வெளியில்கூடத் தூரத்தை இரட்டிக்க அனுப்பும் சக்தியை 4 மடங்காக்க வேண்டும். நிலத்தோடு ஒட்டிப் போகும் சிக்னல் என்றால் 16 மடங்கு. ஆனால் உயரம் செலவில்லாமல் கிடைக்கிறது. இடுப்பளவில் 1 மீற்றரில் பிடித்த திறப்பைக் கையை உயர்த்தி 2 மீற்றரில் பிடித்தால் வந்து சேரும் சிக்னல் 4 மடங்காகும். 60 மீற்றரில் நின்றுபோனது 85 மீற்றர் வரை போகக்கூடும். திறப்பை நாடியில் (மோவாயில்) வைத்து அழுத்தினால் கூடுதலாக எட்டும் என்று சொல்வார்கள், அதிலும் உண்மை இருக்கிறது, உடம்பு அன்ரெனாவுக்குத் துணையாகிறது. எங்கள் அனுபவத்தில் கையை உயர்த்துவதுதான் நம்பகமானது.

புதிய கொண்டோக்களின் கண்ணாடிகளில் வெப்பத்தைத் தடுக்க மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் றேடியோ சிக்னலை நன்றாகத் தடுக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நின்று அழுத்துவதை விட பல்கனிக் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டி அழுத்துங்கள். ட்றக்கை நிறுத்தும்போது முன் கண்ணாடி வீட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பிக்கப்பின் பின்பக்கத்தில் ஏணிச் சட்டமும் உருக்குக் கூண்டும் பூட்டியிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பின்னால் இருந்து வரும் சிக்னல் அந்த உருக்கைத் தாண்டித்தான் கபினுக்குள் போக வேண்டும்.

இவ்வளவும் திறப்புப் பக்கம். ட்றக் பக்கத்தில் அதிகம் பேர் கவனிக்காதது இரைச்சல், அதாவது மற்றக் கருவிகள் கசியவிடும் வேண்டாத றேடியோ அலை. றிசீவருக்கு மிக மெல்லிய சிக்னலைப் பிரித்துக் கேட்க வேண்டிய வேலை. பக்கத்திலேயே மலிவான யூஎஸ்பி சார்ஜர், பார்க்கிங் நேரத்திலும் ஓடும் டாஷ் கமரா, டாஷுக்குக் கீழே பழுது பார்க்க உள்ள ஓபிடி துளையில் செருகிய காப்புறுதிக் கருவி, எல்ஈடி பல்புகள் என்று இரைந்துகொண்டிருந்தால் அதற்குக் காது கேட்காது. சோதிப்பது இப்படித்தான். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, திறந்த தரிப்பிடத்தில் ட்றக்கில் இருந்து 10 மீற்றருக்கு ஒருமுறை நின்று, ஒவ்வோர் இடத்திலும் பூட்டும் பட்டனை ஐந்து தடவை அழுத்துங்கள். ஐந்தில் குறைந்தது நான்கு தடவை வேலை செய்யும் கடைசி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி மறுபடி நடந்து பாருங்கள். தூரம் சட்டென்று பாதியாகும் இடத்தில் குற்றவாளி அகப்படுவான். அதை மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் அதன் வயரை, இரைச்சலை அடக்கும் ஒரு பெரைற் காந்தப்பொருள் வளையத்துக்குள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கருவிக்கு நெருக்கமாக வையுங்கள்.

இரைச்சல் ட்றக்குக்கு வெளியேயும் இருக்கலாம். 2019 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நோர்த் ஓல்ம்ஸ்டெட் நகரில் ஒரு குடியிருப்புப் பகுதி முழுக்கக் கார்த் திறப்புகளும் கராஜ் கதவுகளும் வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. தேடிப் போனால், ஒரு வீட்டில் சொந்தமாகச் செய்த கருவி ஒன்று 315 மெகாஹேர்ட்ஸில் ஓயாமல் அலை பரப்பிக்கொண்டிருந்தது. உங்கள் திறப்பு ஒரேயொரு இடத்தில் மட்டும் மக்கர் பண்ணி, இரண்டு தெரு தள்ளிப் போனால் ஒழுங்காக வேலை செய்தால் ட்றக்கில் கை வைக்காதீர்கள்.

இன்னொரு தடயம். வட அமெரிக்கப் பிக்கப்புகள் பலவற்றில் ரயர் அழுத்தச் சென்சார்களின் சிக்னலை எடுப்பதும் அதே றிசீவர்தான். திறப்பு எட்டாததோடு, திரையில் ரயர் அழுத்தமும் இடைக்கிடை கோடு கோடாகப் போய்விடுகிறது என்றால் பழுது திறப்பில் இல்லை. றிசீவரையோ அதன் இணைப்பையோ பார்க்க வேண்டும். புதுத் திறப்புக்குக் காசு கொடுக்கும் முன் இதை ஒருக்கா கவனியுங்கள்.

றிசீவருக்கு வயர் ஒட்டி அன்ரெனாவை நீட்டும் வித்தை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கொள்கை சரியானது, செய்யும் விதம்தான் பெரும்பாலும் பிழை. ஒரு மீற்றர் வயரை ஒட்டிவிட்டால் சிக்னல் கூடும் என்பது இல்லை, இரைச்சல்தான் கூடும். அலைநீளத்தின் காற்பங்கு வேண்டும்: 315 மெகாஹேர்ட்ஸுக்கு 23.8 சென்ரிமீற்றர், 433.92க்கு 17.3, 902க்கு 8.3. உங்கள் திறப்பு எது என்பது அதன் முதுகில் உள்ள பதிவெண்ணை வைத்துத் தெரியும். அந்த றிசீவர் பலகையில் ஈயம் தவறி ஒழுகினால் பூட்டும் போய் ரயர் அழுத்தமும் போய்விடும். ஆகவே உத்தரவாதம் உள்ள ட்றக்கில் இதைச் செய்யவே வேண்டாம். 902 திறப்பு தூரம் போகும் என்று கேள்விப்பட்டு, 315 றிசீவர் உள்ள ட்றக்குக்கு அதை இணையத்தில் வாங்கி ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். அலைவரிசை பொருந்தாவிட்டால் பக்கத்தில் நின்று அழுத்தினாலும் அது வேலை செய்யாது. திறப்பில் சக்திபெருக்கி பூட்டுவது கனடாவில் சான்றிதழ் இல்லாமல் செய்யக் கூடாத வேலை, அதைச் செய்து தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்.

இனி, விளம்பரங்களில் வரும் தனி றிமோட் ஸ்ராட்டர்கள். 'மூன்று மைல்' என்பது நடுவில் எதுவும் மறைக்காத வெளியில் கிடைக்கும் தூரம். கொங்கிறீற் சுவர்களும் மாடிகளும் நடுவே வந்தால் அதில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். இரண்டு வழிக் கருவி என்றால் கட்டளை போய்ச் சேர்ந்ததும் திறப்பில் விளக்கோ ஓசையோ வரும். எங்கள் கருத்தில் அதுதான் காசுக்குப் பெறுமதியானது, மைல் கணக்கு அல்ல. ஆனால் நல்ல கருவியையும் பூட்டுகிறவர் கெடுத்துவிடலாம். இந்தக் கருவிகளின் அன்ரெனா, முன் கண்ணாடியில் ஒட்டும் ஒரு சின்னப் பெட்டி. அது கண்ணாடியின் மேல் நடுப்பகுதியில், பின்பார்வைக் கண்ணாடிக்கு அருகே, கூரை உலோகத்தில் இருந்து குறைந்தது 5 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். உலோகம் கலந்த ரின்ற் (கண்ணாடியில் ஒட்டும் நிறப் படலம்) மேலே வரக் கூடாது. செறமிக் ரின்ற் பரவாயில்லை. அவசரத்தில் வேலை முடிப்பவர்கள் வயர் கீழே இறக்கச் சோம்பல்பட்டு அந்தப் பெட்டியை டாஷுக்குள்ளேயே திணித்துவிடுகிறார்கள். இரும்புச் சட்டங்களுக்கும் வயர்க் கட்டுகளுக்கும் நடுவில் கிடந்து அதனால் என்ன கேட்க முடியும்? தூரம் குறைவு என்று வரும் ட்றக்குகளில் நாங்கள் முதலில் கையை விட்டுத் தேடுவது அந்தப் பெட்டியைத்தான்.

சரியாக ஒட்டுவதற்குக் கண்ணாடி உள்ளே 20 பாகை அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும். அல்ககோலால் துடைத்துக் காயவிட்ட பிறகு ஒட்ட வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டினால் ஜனவரியில் கழன்று தொங்கும். வயரைக் கூரைத் துணிக்குள் செருகிப் பக்கத் தூணின் வழியாக இறக்கும்போது, அங்கே மடித்து வைத்திருக்கும் எயார் பாக்குக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். முன்னால் குறுக்கே போட்டால் விபத்தில் அந்த எயார் பாக் விரிவதை வயர் தடுக்கும். மிச்ச வயரை, றிமோட் ஸ்ராட்டரை இயக்கும் மூளைப் பெட்டியோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டாதீர்கள். நிலத்தொடுப்பை (கிரவுண்ட் வயரை) தொழிற்சாலை கொடுத்த போல்ற்றில் போடுங்கள். 2015 மொடலில் இருந்து போர்ட் எஃப்-150 பிக்கப்பின் உடல் அலுமினியம். அதில் கண்ட இடத்தில் உருக்குத் திருகாணி ஏற்றினால் உப்பும் ஈரமும் சேர்ந்து இரண்டு குளிர்காலத்துக்குள் அந்த இடத்தை அரித்துவிடும்.

தொலைபேசி அப் வழியாக ஸ்ராட் பண்ணுவதில் தூரப் பிரச்சினை இல்லை, ஆனால் ட்றக் நிற்கும் இடத்தில் செல் சிக்னல் வேண்டும். நிலக்கீழ் தரிப்பிடத்தின் இரண்டாம் தட்டில் அது இல்லை. அங்கே எதையும் பூட்டிப் பயனில்லை, பூட்டவும் வேண்டாம். மூடிய இடத்தில் யாரும் பக்கத்தில் இல்லாமல் எஞ்சின் ஓடினால் கார்பன் மொனொக்சைட் சேரும். வீட்டோடு ஒட்டிய கராஜுக்கும் இதே விதிதான், கதவு திறந்திருந்தாலும் சரி. தூரம் கூடிய றிமோட் பையில் இருக்கும்போது தவறுதலாக அழுத்துப்பட்டால், நீங்கள் எங்கோ இருக்க ட்றக் கராஜுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ட்றக்கை கராஜுக்குள் விடும் வீடுகளில் கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் தூரத்தைக் கூட்ட யோசிக்க வேண்டும். வெளியில் நிறுத்துகிறவர்களும் நகரசபையின் வரம்பை அறிந்திருக்க வேண்டும்: றொறன்ரோவில் ஒரு மணித்தியாலத்துக்குள் 1 நிமிடத்துக்கு மேல் வாகனத்தைச் சும்மா ஓடவிடக் கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விளம்பரங்களை வாங்கும்போது, மைல் கணக்கின் பக்கத்தில் 'மறைப்பு இல்லாத வெளியில்' என்ற மூன்று சொல்லையும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். வாசகர்களும் பூட்டிய கடையிடம் பில்லில் மூன்று விடயங்களை எழுதிக் கேட்க வேண்டும்: அன்ரெனா எங்கே ஒட்டப்பட்டது, நிலத்தொடுப்பு எந்த போல்ற்றில், கடைக்கு வெளியே நடந்து சோதித்தபோது எத்தனை மீற்றர் எட்டியது. எழுதித் தர மறுக்கும் கடையில் பூட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
வாகன மின்வேலை செய்யும் வாசகர்கள்,
ஸ்காபரோ