மொரீஷியஸ் தமிழாசிரியர்களுக்கு, வெட்டுக்கிளி பற்றி ஒரு மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் மகள் வகுப்பில் வரைந்த ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு பக்கம் பட்டாம்பூச்சி, கீழே 'நல்லது'. மறுபக்கம் வெட்டுக்கிளி, கீழே 'கெட்டது'. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு, இவை எப்படிப் பிழைக்கின்றன என்று பிள்ளைகளைக் கேட்க வையுங்கள்.

ஆல்ப்ஸ் மலையில் அப்பல்லோ என்றொரு பட்டாம்பூச்சி இருக்கிறது. நம் குளிர்காலமான ஜூலையில் ஸ்வெட்டர் போடுவதையே பெரிய குளிர் என்று நினைக்கும் எங்கள் கியூர்பீப் பிள்ளைகளுக்கு அதன் பாடு புதிது. உடம்பு சூடேறாமல் அதனால் பறக்க முடியாது. அதனால் உடலெல்லாம் ரோமம், சிறகு தொடங்கும் இடத்தில் கருமை. சிறகை விரித்து வெயில் காயும். கோடையில் இட்ட முட்டைக்குள்ளேயே புழு உருவாகி, பனிக்காலம் முழுக்க வெளியே வராமல் காத்திருக்கும்.

வெட்டுக்கிளிக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை, அது காத்திருப்பது மழைக்கு. பாலைவன வெட்டுக்கிளி தனியாக இருக்கும்போது சாது. இன்னொன்றைக் கண்டால் ஒதுங்கிப் போகும். நல்ல மழைக்குப் பிறகு ஈர மணலில் முட்டைகள் பொரிந்து பெருகும். அப்புறம் பச்சை காய, மிச்சமிருக்கும் செடிகளில் எல்லாம் நெருக்கியடித்து உட்காரும். பின்னங்கால்களில் மற்றவை உரசிக்கொண்டே இருந்தால் இரண்டே மணி நேரத்தில் அதன் குணம் மாறிக் கூட்டத்தை நாடும். நரம்புகளில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் கூடுவதே இதற்குக் காரணம் என்று 2009இல் கண்டறிந்தார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 8 கோடி வரை இருக்கலாம். ஒவ்வொன்றும் நாளுக்குத் தன் எடையளவு, சுமார் 2 கிராம், தின்னும். பசியும் நெருக்கமும் செய்கிற வேலை இது.

நம் தீவுக்கும் இதில் பங்கு உண்டு. ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே, 1762இல், இங்கே பயிரைத் தின்ற சிவப்பு வெட்டுக்கிளியைப் பிடிக்க இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு உயிரினத்தைக் கொண்டு பூச்சியை அடக்கியதில் முதல் வெற்றி என்று பூச்சியியல் நூல்கள் சொல்வது இதைத்தான். கிரியோலில் நாம் மார்த்தேன் என்கிறோமே, அந்தப் பறவைதான் இந்த மைனா. இன்று அந்த மைனா, இந்தத் தீவில் மட்டுமே வாழும் பச்சைக்கிளியோடு மரப்பொந்துக்குப் போட்டி போடுகிறது.

மைனாவை என் மகள் எந்தப் பக்கத்தில் வரைவாள்? அடுத்த வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். மூன்றின் படங்களையும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய், கியூர்பீப்