அந்த இடம் ஏன் அமைதியாக இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வுக்காலத்துக்குக் கடலோர வீடு என்று வரும் கட்டுரைகளையும் விளம்பரங்களையும் விடாமல் படிக்கிறவள் நான். எல்லாமே ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: பிரபலமான கடற்கரை பத்தே நிமிடத்தில், ஆனால் கூட்டமோ சத்தமோ இல்லாத இடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு ஜனம் வந்து குவிகிற கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருந்தும் இந்த இடத்துக்கு மட்டும் ஏன் யாரும் வருவதில்லை என்று ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். காரணம் ஏதாவது நிச்சயம் இருக்கும். அது நமக்குச் சாதகமா பாதகமா என்று பார்த்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுக்கலாம்.

சாதகமான காரணங்களும் உண்டு. சில கரைகளில் தண்ணீரில் நாலு எட்டு வைத்ததுமே ஆழம் வந்துவிடும், ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டமும் இருக்கும், அதனால் குளிக்க வருகிற கூட்டம் அங்கே எட்டிப் பார்க்காது. காலையும் மாலையும் நடக்க, உட்கார்ந்து பார்க்க மட்டும் கடல் போதும் என்பவருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது (பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருக்க வேண்டும்). வண்டி நிறுத்த இடமில்லாதது, சுற்றுலா பஸ் திரும்ப முடியாத குறுகிய ரோடு, பக்கத்தில் கட்டடம் கட்டக் கூடாத அலையாத்திக் காடு, இவையும் நமக்கு லாபம்தான்.

பயப்பட வேண்டியது கடல் அரிப்புக்கு. கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை, அலை சாய்வாக வந்து அடிக்க அடிக்கக் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். நடுவில் துறைமுகத்துக்காகவோ தூண்டில் வளைவு என்றோ கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டிவிட்டால், மணல் வந்து சேரும் பக்கம் கரை அகலமாகும், மறுபக்கம் வரத்து நின்று கரை கரையத் தொடங்கும். ஊரே கொண்டாடும் கடற்கரை அத்தனை அகலமாக இருப்பதும், அடுத்த ஊரில் மணலே இல்லாமல் யாரும் போகாமல் இருப்பதும் அதே கல் குவியலின் வேலையாக இருக்கலாம். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ளலாம், அந்தக் கரையில் படகு நிறுத்துகிறவர்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, இப்போது அந்த வேகமும் கூடியிருக்கிறது. அதனால் கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்பதோடு, கடலைவிட எத்தனை மீட்டர் மேடு என்றும் கேளுங்கள்.

அடுத்தது தண்ணீர். கரையோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும்: மேலே 1 மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரும். பிரபல கடற்கரையின் விடுதிகள் சீசன் முழுக்க போர்வெல் போட்டு உறிஞ்சினால், கரிக்கப்போவது அமைதியான இந்தப் பக்கத்துக் கிணறாகவும் இருக்கலாம். கோடையின் கடைசியில் போய் அந்தத் தெருத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள்.

உப்புக் காற்று பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் கிரில் கம்பியும் ஏசியின் வெளி யூனிட்டும் துருப்பிடிப்பதோடு நினைப்பு நின்றுவிடுகிறது. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவாக்கினால் அந்தத் துரு உப்பி கான்கிரீட்டையே பிளந்துவிடும், பென்ஷன் பணத்தில் சரி செய்கிற வேலை இல்லை அது. அலை உடையும் இடத்தில்தான் உப்பு அதிகம், சில நூறு மீட்டர் உள்ளே தள்ளினாலே நன்றாகக் குறைந்துவிடும். கடல் தெரியும் ஜன்னலுக்காக முதல் வரிசை வீட்டுக்கு அலைவதைவிட, கொஞ்சம் உள்ளே வாங்கி நடந்து போய்க் கடல் பார்க்கலாம் என்பேன்.

ஆஸ்பத்திரி தூரத்தை எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் சாதாரண நாளின் தூரத்தைக் கேட்கிறார்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். நம் அமைதியான இடத்திலிருந்து வெளியே போகிற ஒரே ரோடு அந்தப் பிரபல கடற்கரை வழியாகத்தான் போகிறது என்றால், விடுமுறை ஞாயிறு சாயங்காலம் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? அந்த நேரத்தில் ஒருமுறை காரில் போய்ப் பார்க்கச் சொல்வேன். 75 வயதுக்கு மேல் நாமே கார் ஓட்டுவோமா என்பதையும், தம்பதியில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் அவருக்கு அங்கே பஸ் உண்டா என்பதையும் கூடவே யோசித்துவிட வேண்டும்.

சீசன் முடிந்த மாதங்களில் போய்ப் பார்க்காமல் வாங்கவே கூடாது. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்து மருந்துக்கடையும் மூடியிருந்தால் அதை அமைதி என்று சொல்ல முடியாது. பக்கத்து வீடு நாள் வாடகைக்கு விடப்படுகிறதா என்றும் விசாரியுங்கள், வார நாளில் போய்ப் பார்க்கிறவருக்கு சனிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கர் சத்தம் கேட்காது. முடிந்தால் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் சரி. விற்பவர் அவசரப்படுத்தினால் அவசரம் அவருக்குத்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடற்கரைக்கு எத்தனை நிமிடம் என்று போடும் வீட்டு விளம்பரங்களில், பக்கவாதத்துக்கு வைத்தியம் பார்க்கக்கூடிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் போடும்படி விளம்பரதாரர்களைக் கேளுங்கள். போட மறுப்பவர் யார் என்று தெரிந்தாலே எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வாசகி