திருவிழா மேடையில் பெண்களின் ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் பட்டிமன்றமோ ஸ்பெஷல் நாடகமோ இல்லாத ஊர் அரிது. அந்த மேடைகளில் பெண்களின் ஓட்டு இன்றளவும் பேசப்படும் விதம் குறித்தே இதை எழுதுகிறேன்.

அண்மையில் பார்த்த நாடகமொன்றில், "ஓட்டு யாருக்குப் போட்டே?" என்று பபூன் கேட்க, "எங்க வீட்டுக்காரர் சொன்ன சின்னத்துக்குத்தான்" என்று உடன் ஆடிய பெண் கலைஞர் நாணிக்கோணிச் சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதே விழாவின் பட்டிமன்றத்தில் பேச்சாளர் ஒருவர், மிக்சிக்கும் சேலைக்கும் ஓட்டை விற்பவர்கள் என்று பெண்களைச் சாடிக் கைதட்டல் வாங்கினார். காசு வாங்கும் ஆண்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பெண்ணுக்குச் சொந்த முடிவு கிடையாது என்ற இந்தப் பேச்சு புதிதன்று. பெண்களுக்கு ஓட்டளிக்கும் அளவுக்குச் சமூகம் பக்குவப்படவில்லை என்று, வாக்குரிமை பற்றி ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த சவுத்பரோ குழு 1919-இல் கைவிரித்தது. அதை மீறி 1921-இல், சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கேனும் வாக்குரிமை வழங்க, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகத் தீர்மானித்தது நமது சென்னை மாகாண சட்டசபை. 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி அதன் துணைத்தலைவராகவும் ஆனார். ஆயினும் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலின்போது, சொந்தப் பெயரைச் சொல்லாமல் "இன்னார் மனைவி", "இன்னார் தாய்" என்றே பதிந்துகொண்டதால், பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மேடையில் அந்தக் கலைஞர் சொன்ன பதிலும், சொந்தப் பெயரை மறைத்து "இன்னார் மனைவி" என்று பதிந்துகொண்டதைப் போன்றதே.

நகைச்சுவையைத் தடுக்கச் சொல்லவில்லை. ஊர் நடப்பைக் கிண்டலடிப்பது பபூனின் பிறப்புரிமை. ஆனால் கிண்டலுக்கு உரியவர் வேறு ஆள். மனைவி ஊராட்சித் தலைவராக இருக்க, கூட்டத்தில் அந்த மனைவியின் நாற்காலியில் அமர்ந்து கையெழுத்துக்கு மட்டும் அவரைக் கூப்பிடும் கணவர், எந்த மேடையிலும் அடிபடுவதாகத் தெரியவில்லை. போகட்டும், வாக்குச்சாவடி மறைப்புக்குள் எந்த வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதையே வைத்து அந்தப் பெண் கலைஞர் எதிர்க்கேள்வி கேட்டிருந்தால், அன்றைய சிரிப்பு இன்னும் பலமாக இருந்திருக்கும்.

உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்த மாநிலம் இது. விழாக் குழுவினர், பெண் உறுப்பினர்களைக் குத்துவிளக்கு ஏற்றவும் பொன்னாடை போர்த்தவும் அழைப்பதோடு நில்லாமல், அடுத்த ஆண்டு பட்டிமன்றத்தில் பேசவும் அழைக்க வேண்டும். தலைப்பை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.