மே மாசம் மலை ஏறப்போகும் மகனுக்கு

அஸ்தம்பட்டி,
சேலம்

அன்புள்ள கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கூட வேலை செய்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு மே மாசம் வருகிறாயாம், ஏற்காட்டுக் காட்டில் நடந்து கிளியூர் அருவியில் குளிக்கப் போகிறீர்களாம். அப்பா சொன்னார். நடப்பது நல்லதுதான். அருவியை மட்டும் நம்பி யாரையும் கூட்டி வராதே. ஏரி நிரம்பி வழியும் தண்ணீரும் சுற்றியுள்ள ஓடைகளும் சேர்ந்துதான் அங்கே 300 அடி கீழே விழுகிறது. கோடைமழை ஏமாற்றிவிட்டால் வெறும் பாறையைத்தான் பார்ப்பீர்கள். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஐப்பசியில் வா. அப்போதும் வழுக்குப் பாறையில் நின்று போட்டோ எடுக்கிற வேலை வேண்டாம். அருவிக்கு இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும்.

என்னைக் கேட்டால், காரில் இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றிப் போவதைவிட, கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு நடந்தே ஏறுங்கள். வனத்துறை ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு அனுப்புகிற பாதை அது. அடிவாரத்தில் இலை உதிர்ந்த மரமும் மூங்கிலும் சருகுமாக வறண்டு கிடக்கும். ஏற ஏற நிழல் கூடும், காற்று மாறும். உச்சிப் பக்கம் போனால் சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டம், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்போது மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். காப்பிப் பூ மட்டும் உனக்குக் கிடைக்காது. பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்தால் மல்லிகை மாதிரி பூத்து, சில நாளிலேயே முடிந்துவிடும்.

குறுக்குவழி தெரியும் என்று யாராவது சொன்னால் பின்னால் போகாதே. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் காட்டுத்தீயில் போனார்களே, மறந்திருக்க மாட்டாய். காய்ந்த புல்லில் தீ மேட்டைப் பார்த்துத்தான் வேகமாக ஓடும், மனுசன் ஓடி ஜெயிக்க முடியாது. கூட வருகிறவர்களில் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டு.

விடியும்போதே கிளம்புங்கள். மத்தியானத்துக்கு மேல் திடீரென்று இடி மின்னலோடு மழை பிடித்துக்கொள்ளும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும், ஓடையில் கிடைக்கும் என்று நினைக்காதே. தின்பண்டத்தைக் கேரிபேக்கில் கையில் தொங்கவிட்டால் குரங்குக்குத்தான். காட்டெருமை எதிர்ப்பட்டால் போனை எடுக்காமல் சத்தமில்லாமல் ஒதுங்கி நில்லுங்கள்.

நேரம் மிஞ்சினால் சேர்வராயன் கோயிலுக்கும் போய்விட்டு வா. 1,623 மீட்டர் உயரம், குகைக்குள்ளே சேர்வராயரும் காவேரியம்மனும். மே மாசத்தில்தான் மலைக்காரர்கள் திருவிழா, அன்றைக்குப் போனால் கூட்டத்தில் நெரியவேண்டியதுதான்.

எத்தனை பேர், எந்தத் தேதி என்று சீக்கிரம் சொல். புளிச்சோறு கட்டித் தருகிறேன். உங்களில் கறி சாப்பிடாதவர் யார் என்றும் எழுது, ராத்திரிச் சமையலுக்குத் தெரியவேண்டும். மல்கோவா அதற்குள் வந்துவிடும் என்று பழக்கடைக்காரர் சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா