முதல் கருமருந்து ரைஃபிளுக்கு எந்தக் காலிபர்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள ஃபோர்சைத்தில் ஜூன் மாதம் நடக்கும் நெடுந்தூரப் போட்டிக்கு நீங்கள் ஆயத்தமாகும் பருவத்தில் வழக்கமாக விலைப்பட்டியலை மட்டுமே அனுப்பி வைப்போம். இம்முறை மடலே எழுத நேர்ந்ததன் காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முதன்முதலாகக் கருமருந்துத் (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்துத்) தோட்டா ரைஃபிள் வாங்க வருபவர் எதைக் கேட்டு வந்தாலும் .45-70ஐயே (முதல் எண் காலிபர், அதாவது அங்குலத்தில் குழலின் விட்டம்; அடுத்தது கிரெயின் என்ற சிறு எடையளவில் மருந்து) அவர் கையில் கொடுத்து அனுப்புகிறோம் என்றும், அது தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் உத்தி என்றும் சுடுதளத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். ஆலோசனையிலேயே உள்நோக்கம் உண்டு என்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் வியாபாரக் கணக்கையே சொல்லிவிடுகிறோம். .45-70க்கான பித்தளைக் கூடும், குண்டு வார்க்கும் அச்சும், மறுநிரப்பல் கருவியும் இந்நாட்டில் ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கிக் கடைகளிலும் கிடைக்கும். ரைஃபிளை எங்களிடம் வாங்கியவர் மறுவாரமே மற்றதையெல்லாம் வேறிடத்தில் வாங்கிக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. .45-110 வாங்குபவரோ கூட்டுக்கும் கருவிக்கும் எங்களைப் போன்ற சிறப்புக் கடையையே நாடி வர வேண்டும். லாபம் மட்டுமே குறியாக இருந்தால் எதைப் பரிந்துரைத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறோம்.

.45-70 என்பது 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா. 70 கிரெயின் மருந்தும் 405 கிரெயின் ஈயக் குண்டும் அதன் தொடக்ககால அளவு. நூற்றைம்பது ஆண்டுகளாக ஓயாமல் சுடப்பட்டு வருவதால், எந்த மருந்து, எவ்வளவு அழுத்தம், எந்த ஈயக் கலவை என்று புதியவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அனுபவத்தில் தேறிய விடை இருக்கிறது. கருமருந்தில் இது சிறிய விஷயமன்று. கூட்டுக்குள் வெற்றிடம் விடாமல் மருந்தை நீண்ட குழாய் வழியே இறக்கி, குண்டின் அடிவரை நிரப்பி, சற்றே அழுத்த வேண்டும். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்ற கலவையில் தொடங்கி, குண்டின் பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகைத் தடவ வேண்டும். இத்தனையையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்பவருக்குக் காலிபராவது தொல்லை கொடுக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

பேச்சு கிளம்பியது .45-120 கேட்டு வந்த ஓர் அன்பரிடமிருந்து என்று அறிகிறோம். அவருக்கு நாங்கள் மறுப்புச் சொல்லவில்லை. முதல் ரைஃபிளாக வேண்டாம் என்று மட்டுமே சொன்னோம். அதன் காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் விளக்குவது நல்லது. ஒரு பவுண்டு மருந்து 7,000 கிரெயின். .45-70இல் அது நூறு தோட்டா; .45-120இல் ஐம்பத்தெட்டைத் தாண்டாது. செலவைக்கூட ஒதுக்கிவிடலாம். ஐந்நூறு கிரெயினுக்கு மேற்பட்ட குண்டை அவ்வளவு மருந்தால் தள்ளும்போது தோளில் விழும் உதைப்பு, பழகாதவரை விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூட வைத்துவிடும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதைப் போக்குவது கடினம். மருந்து கூடக் கூடக் குழலில் படியும் கசடும் கூடும். நம் ஊர்க் கோடையின் வறண்ட காற்றில் அது கெட்டிப்பட்டு, ஒவ்வொரு சூட்டுக்கும் பின் ஊதுகுழாயால் மூச்சின் ஈரத்தைச் செலுத்தினாலும் இளகாமல், ஈரத்துணியால் துடைத்தே தீர வேண்டிய நிலை வந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னொன்று. .45-70 ரைஃபிளில் தோட்டா அமரும் அறையைப் பின்னாளில் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் ஆழப்படுத்தி .45-90ஆக மாற்றித் தர முடியும். கூட்டின் நீளம் 2.1 அங்குலத்திலிருந்து 2.4 ஆகிறது, அவ்வளவே. நீண்ட அறையைக் குறுக்க வேண்டுமென்றால் குழலிலேயே கை வைக்க வேண்டியிருக்கும். (1990இல் வந்த ஒரு திரைப்படத்தின் நாயகன் நெடுந்தூரம் சுட்டது .45-110 என்பதை நாங்களும் அறிவோம். அவருக்கு மாலையில் குழல் கழுவும் வேலை இருக்கவில்லை.)

எதைக் கேட்டாலும் .45-70 என்பதும் உண்மையன்று. உலோக உருவங்களைச் சுட்டு வீழ்த்தும் போட்டியில் இறங்க விரும்புபவருக்கும், உதைப்பு ஒத்துக்கொள்ளாதவருக்கும் .40-65ஐத்தான் காட்டுகிறோம். 1887இல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டு வந்த தோட்டா; .45-70 கூட்டையே அச்சில் குறுக்கி அதற்குக் கூடு செய்துகொள்ளலாம். நியூ மெக்ஸிகோவின் ரேட்டனில் 1985 முதல் நடந்துவரும் அந்தப் போட்டி முறையில் ரைஃபிளின் எடை 12 பவுண்டு 2 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. ஆகவே எடையைக் கூட்டி உதைப்பைக் குறைக்கும் வழி அங்கே ஓரளவுக்கு மேல் செல்லாது. 400 கிரெயின் குண்டு நாள் முழுவதும் தோளை நோகடிக்காது. ஆனால் 500 மீட்டரில் நிற்கும் செம்மறிக் கடா உருவம், குண்டு பட்டும் விழாமல் நின்றுவிடுவது .45ஐவிட இதில் சற்று அதிகம். இதையும் மறைக்காமல் சொல்லித்தான் விற்கிறோம்.

.38-55 சுட இனிமையானது, காற்றடிக்கும் நெடுந்தூரத்துக்குப் போதாது. .50-70உம் .50-90உம் வரலாற்றில் ஈடுபாடு கொண்டவர்களுக்கு. இரண்டாவது ரைஃபிளாக வாங்கும்போது மகிழ்ச்சியோடு தருவித்துத் தருவோம். கடைகளில் விற்கும், கருமருந்துக்குப் பதில் இக்காலப் புகையற்ற மருந்துள்ள .45-70 தோட்டாக்களில் சில இக்கால ரைஃபிள்களுக்கென்றே அமைந்தவை. தாத்தா வைத்துவிட்டுப் போன பழைய ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவ ரைஃபிளில் அவற்றை எக்காரணத்தாலும் இடாதீர்கள்.

லூசியானாவின் மிண்டனில் இருந்த கருமருந்து ஆலை 2021இல் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு வேறு கைக்கு மாறும்வரை மருந்துக்கு நாடே திண்டாடியபோது, எங்களிடம் இருந்ததைப் பழைய வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டீர்கள். கூடுதலாகக் கேட்டு ஒருவரும் நெருக்கவில்லை. இன்றைக்கு இந்தக் கடை திறந்திருப்பதே உங்களால்தான். அந்த நன்றியை வேறு சொற்களில் சொல்லத் தெரியவில்லை. வரத்துச் செலவு அதன் பின் இறங்காததால், அடுத்த மாதம் முதல் மருந்தின் விலையில் சிறு மாற்றம் இருக்கும். எங்கள் வார்ப்பாளர் ஊர் மாறிச் சென்றுவிட்டதால் ஈயக் குண்டு வார்த்துத் தரும் பணி தற்போதைக்கு நிறுத்தப்படுகிறது. முன்பணம் கட்டியவர்கள் கடையில் தெரிவித்தால் ஆவன செய்வோம்.

முதல் ரைஃபிள் வாங்க எண்ணியிருப்பவர்கள் எங்கள் சொல்லை நம்ப வேண்டியதில்லை. சனிக்கிழமை காலைகளில் .45-70, .40-65, .45-110 ஆகிய மூன்றையும் சுடுதளத்துக்குக் கொண்டு வருகிறோம். ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்த பின் முடிவு செய்யுங்கள். தோட்டா எங்கள் செலவு. காதடைப்பையும் கண்ணாடியையும் நீங்கள் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை என்றும் நாடும்
கடை உரிமையாளர்